கேட்டால்தான் லைட்டு

அந்த அம்மா யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. ஏணி, இட்லிக் குண்டான், மகள் வாங்கிக் கொடுத்த புது மிக்ஸி, விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளப் பட்டுப் புடவை என்று தெருவில் யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, போனில் சொல்லக் கூடாது. நேரில் வந்து, என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை கேட்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். பசித்தவர் சோற்றைப் பார்ப்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

படிப்பை முடித்த கையோடு எனக்குத் திருத்தணியில், அரக்கோணம் ரோட்டில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்தது. அந்த அம்மாவின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வந்த புதிதில் ஒருநாள், ரசத்துக்குத் தாளிக்க வாசல் மரத்தில் ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போனேன். அந்த அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வெளியே கால் வைக்க இடமில்லை. கறிவேப்பிலைக் கிளைகள். மரத்தில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து என் வாசலில் குவித்திருந்தார். நான் கீழே இறங்கிப் போனபோது கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உனுக்கு வேணும், கேக்கத்தான் மனசு வரல. அதான் நானே குடுத்துட்டேன். போதுமா, இன்னும் வேணுமா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். காலையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் இறங்கிப் போய், மோட்டார் போடுங்கள் என்று கேட்பேன். அநேக நாள் அவர் விரல் சுவிட்சின் மேல் தயாராக இருக்கும். நான் வாக்கியத்தை முடித்த பிறகுதான் அழுத்துவார். பிறகு மோர்க்குழம்பு, கொய்யாப்பழம் என்று ஏதாவது கொடுத்தும் அனுப்புவார். அவர் கையால் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது.

அவர் கணவர் முன்னறையில் கட்டிலோடு இருந்தார். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அந்த அம்மா அவரைக் கூப்பிடுவது பாவா என்று. சர்க்கரை ஆலையில் எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் திருவாலங்காட்டுப் பக்கம் வரிசை கட்டி நிற்குமாம். இவர் தலையசைத்தால்தான் அடுத்த வண்டி மேடை ஏறும். இவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களைப் பற்றித் தெருவில் இன்னமும் பேசிக்கொள்வார்கள்.

நான் பார்க்கும்போது அவருக்கு முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அசையாமல் படுத்திருந்தால் ஒன்றும் தெரியாது. தும்மினாலோ, தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினாலோ போதும். இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல்வரை கரண்ட் இறங்குவதுபோல் வலி இறங்கும். முதுகுத் தசை மொத்தமும் இறுகிப் பலகையாகிவிடும். இதயம் பலவீனம் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டிருந்ததால் வலி மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது லைட்டு.

கிளினிக்கில் நாங்கள் வைக்கிற வெப்ப விளக்குதான் அது. உயரமான ஸ்டாண்டின் தலையில், சொம்பு அளவில், முகம் மட்டும் சிவந்த ஒரு பல்பு. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களின் முதுகுக்கும், காவடி தூக்கிப் பிடித்துக்கொண்ட தோள்களுக்கும் அதைத்தான் வைப்போம். விலகின டிஸ்க்கை அது உள்ளே தள்ளிவிடாது. இறுகின தசையை இளக்கும், வலியின் பிடி தளரும். பெரியவருக்கு அந்த அளவு போதும். வெளிச்சம் முதுகில் பட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, ஒரு வாய் சோறு சாப்பிட முடிகிற நிலைக்கு வந்துவிடுவார். ஆட்டோவில் அவரைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வந்தது. ஒரு விளக்கு வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அந்த அம்மா மறுநாளே வாங்கிவிட்டார்.

எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், வைப்பதற்கு முன் தன் உள்ளங்கையைக் காட்டிச் சூட்டை எப்படிப் பார்க்க வேண்டும், சூடு அதிகமா என்று நோயாளியை ஏன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, ஸ்டாண்டின் கால் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். இப்படி ஒரு மனைவி கிடைக்கப் பெரியவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிக்கூட இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே உட்கார்ந்து அந்த அம்மாவோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பெரியவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளத் திரும்பினார். வலி பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. விளக்கு பக்கத்திலேயே நின்றது. பிளக்கும் செருகியிருந்தது. அந்த அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"லைட்டு," என்றார் பெரியவர்.

நான் எழுந்தேன். அந்த அம்மா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார்.

"நீ உக்காரு. அவருக்கு வாய் இருக்குது."

பெரியவர் லைட்டு வை என்றார். எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். வலிக்கிறது என்றார். எங்கே என்று கேட்டார். இடுப்பில் என்றார். அது எனக்கு எப்படித் தெரியும், முழுசாகச் சொல்லுங்கள் என்றபடி அந்த அம்மா காம்புகளைப் பொறுக்கித் தனியாக வைத்தார். கடைசியில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல, இடுப்பில் வலிக்கிறது, தாங்க முடியவில்லை, கொஞ்சம் லைட்டு வையம்மா என்று சொல்லி முடித்தார்.

அந்த அம்மா உடனே எழுந்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, அவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை செருகி, பனியனைச் சுருட்டிவிட்டு, உள்ளங்கையை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சூடு போதுமா பாவா, போதுமா பாவா என்று கேட்டுக்கொண்டே நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றினார். என்னைவிட நன்றாகச் செய்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் இதைப் பேச்சில் எடுத்தேன். வலியில் இருப்பவரைக் காக்கவைக்கக் கூடாது, தசை இன்னும் இறுகும் என்று சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. புடவையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கம்மா நகரியில ஒடம்பு முடியாம படுத்துகினு இருந்தாங்க. இங்கிருந்து பஸ் ஏறினா நகரி எவ்ளோ தூரம், நீயே சொல்லு. போய்ட்டு வரட்டுமா பாவான்னு கேட்டேன். பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. மறுநா கேட்டேன். இன்னாத்துக்குன்னாரு. சொன்னேன். சத்தமா சொல்லுன்னாரு. அப்பறம் ஒருநா, உனுக்குச் சரியா கேக்கத் தெரியலியேன்னு சிரிச்சாரு. தலைக்குப் பூ வாங்கணும்னாலும் அப்பிடித்தான், பொண்ணுக்கு ஜொரம், டாக்டராண்ட போவணும்னாலும் அப்பிடித்தான். நானும் விதவிதமா கேட்டுப் பாத்தேன். அதுக்குள்ள அங்க எடுத்துட்டாங்க."

பிணத்தை எடுத்துவிட்டார்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டுப் புடவையை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் விளங்கவில்லை. கணவர் செய்ததற்குக் கணவரை வதைக்கிறார் என்றால், ஒரு கொத்து கறிவேப்பிலை பறித்த நான் என்ன செய்தேன்? பக்கத்து வீட்டுப் பெண் வாந்தியெடுக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுதண்ணீர் கேட்டு வந்தபோது, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வாசலில் நிறுத்தி விசாரித்தாரே, அந்தக் குழந்தை என்ன செய்தது? அடுத்தவரைக் கேட்கவைப்பதில் உள்ள ருசியை அந்த அம்மா பெரியவரிடம்தான் கற்றிருக்க வேண்டும். கற்ற பிறகு அது அவருடைய சொந்த ருசியாகிவிட்டது.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணியும் பூக்காவடியும். தெருவில் நடக்க வழியில்லை. மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கிய இரண்டு பேர் பெரியவரைப் பார்க்க வந்தார்கள். எடை மேடையில் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். அவர்கள் வரப்போவது தெரிந்து பெரியவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபி கொடுக்க உதவிக்கு வரச் சொல்லி அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வந்தவர்கள் அவரை சார் சார் என்று மரியாதையாகப் பேசினார்கள். பழைய ஆலைக் கதை ஒன்றை ஒருவர் சொல்ல, பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. உடம்பு விறைத்து, மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாகப் பூத்தது. வந்தவர்கள் பதறி, வலிக்கிறதா சார் என்றார்கள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். அந்த அம்மா காபி டம்ளர்களை நீட்டிவிட்டு, விளக்கின் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். வெளியே மேளமும் அரோகராவும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் பெரியவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, தெலுங்கில், காற்றுபோல இரண்டு வார்த்தை சொன்னார்.

"தமிழ்ல சொல்லுங்க பாவா," என்றார் அந்த அம்மா. "வந்தவங்களுக்குப் புரிய வேணாமா?"

அந்தப் பக்கத்து ஆட்கள், அவர்களுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார். இடுப்பில் வலிக்கிறது என்பதிலிருந்து கொஞ்சம் லைட்டு வையம்மா என்பதுவரை ஒரு சொல் குறையாமல் சொன்னார். வந்தவர்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார்கள். அவர்கள் செருப்பு மாட்டும்போது உள்ளே அந்த அம்மா, சூடு போதுமா பாவா என்று கேட்பது வாசல்வரை கேட்டது.

அதன் பிறகு பெரியவர் கேட்கவில்லை.

முதலில் அந்த அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். எத்தனை நேரம் தாங்குகிறார் பார்க்கலாம் என்று என்னிடம் சிரித்தார். பெரியவர் வலி வரும்போது துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழியும், சத்தம் வராது. சாப்பாடு குறைந்தது. அந்த அம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலிக்குதா பாவா என்று கேட்க ஆரம்பித்தார். இல்லை என்று பதில் வரும். லைட்டு வைக்கட்டுமா என்பார். வேண்டாம். ஒருநாள் அவரே விளக்கைப் போட்டுவிட்டார். பெரியவர் முழங்கையை ஊன்றி, அங்குலம் அங்குலமாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்து, வெளிச்சத்திலிருந்து முதுகை விலக்கிக்கொண்டார். அப்படி நகர்வதற்கு அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். விளக்கு வெறும் தலையணையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா மாடிக்கு வந்தார். நீ ஒருமுறை சொல்லிப் பார், உன் பேச்சைக் கேட்பார் என்றார். நான் இறங்கிப் போனேன். பெரியவரிடம், என் கையால் வைக்கிறேன், நீங்கள் யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். முகம் வற்றி, கன்ன எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா. நீ வெச்சாலும் நான் அவகிட்ட கேட்ட மாதிரிதான். அவளுக்கு இப்போ என்கிட்ட வேண்டியது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா அப்பறம் என்கிட்ட இன்னா இருக்குது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வண்டிகளை வரிசையில் நிற்கவைத்த மனிதரை அந்தச் சிரிப்பில்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் அறைக்குத் திரும்பினேன். முன்னறையைத் தாண்டும்போது பொசுங்கின வாடை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, கட்டிலை ஒட்டி நின்றது. பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் இடமே இல்லாதபடி தலையணைகள் அடைக்கப்பட்டிருந்தன. அந்த அம்மா நாற்காலியில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். இடுப்புக்கு மேலே ஒரு தட்டு அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பி, ஒரு பக்கம் உடைந்து நீர் வழிந்திருந்தது.

தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டேன். பெரியவர் தூங்கிவிட்டாரா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல. முழிச்சிகினுதான் இருந்தாரு."

"நீங்க?"

"நானுந்தான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுட்டா எடுன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். ஒரு வார்த்தை. சொன்னா எடுத்திருப்பேன்."

பெரியவர் சுவரைப் பார்த்தபடியே, "சுட்டுச்சி," என்றார். அதை என்னிடம் சொன்னார்.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். அம்பத்தூரிலிருந்து அன்று சாயங்காலமே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்தாள். தகப்பனின் முதுகைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். சிறுவயதிலிருந்து பார்த்தவள், இந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்கு ஆச்சரியமாக இருக்காது என்று தோன்றியது. துணிகளை எடுத்துப் பையில் போட்டாள். நானும் டிரைவரும் பெரியவரைத் தூக்கிப் பின் சீட்டில் குப்புறப் படுக்கவைத்தோம். அந்த அம்மா கார்க் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் அவரை வரச் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. கார் சென்னை ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த அம்மா தினமும் மாலையில் மகளுக்குப் போன் போடுவார். போனைக் காதில் வைத்துப் பழக்கமில்லாததால் ஸ்பீக்கரில்தான் பேசுவார், மாடிவரை கேட்கும். புண் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டார் என்று அவர் விசாரித்ததில்லை. ஒரே கேள்விதான் கேட்பார்.

"எதனா கேட்டாரா?"

தன்னைப் பற்றி எதையாவது கேட்டாரா என்று அதற்கு அர்த்தம். மகளுக்கும் அது தெரியும். ஒன்றும் கேட்கவில்லை அம்மா என்பாள். சரி என்று வைத்துவிடுவார். மறுநாள் மறுபடி அதே கேள்வி, அதே பதில். நடுவில் ஒருநாள் மகள் பொறுக்க மாட்டாமல், கேட்க மாட்டார் அம்மா, நீ ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். அவரு கூப்புடட்டும், வர்றேன் என்றார் அந்த அம்மா.

ஒருநாள் காலையில் மகளே போன் செய்தாள். நான் கிளினிக்குக்குக் கிளம்பிப் படி இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கோலம் போட்டுவிட்டு, மாவு படிந்த விரலோடு போனை எடுத்தார். அப்பா போய்விட்டார் என்று மகள் அழுதாள். அந்த அம்மா மகளின் அழுகை அடங்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"எதனா கேட்டாரா?"

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"தண்ணி கேட்டாரும்மா. நான் கீழ மருந்து வாங்கப் போயிருந்தேன். பக்கத்து பெட்டுக்காரம்மா குடுத்திருக்காங்க."

"கேட்ட ஒடனே குடுத்தாங்களா?"

"ஆங். ஒடனே குடுத்தாங்களாம்."

அந்த அம்மா போனை அணைத்தார். அதில் ஒட்டியிருந்த கோலமாவை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, கிளினிக்குக்கு நேரமாகிறது, நீ போ என்றார்.